இன்னும் ஒண்ணு பாக்கி

வீட்டுக்குள் செருப்போடு போவார். வண்டியில் ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் ஏறுவார். எங்கள் தெருவில் அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். பெரிய சாலையில் இறங்கி, ஆற்றங்கரையோடு இரண்டு கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். இருபுறமும் வயல். என் அப்பா காலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று பறித்தவர்கள். பிறகு வீட்டுக்கு ஒருவராக மஸ்கட், சவூதி, சிங்கப்பூர் என்று கிளம்பினார்கள். கூரை இருந்த இடத்தில் தளம் வந்தது. தளம் வந்த வீட்டுக்கு ஜன்னல் கம்பியும் கேட்டும் வேண்டுமே. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வெல்டிங் பழகி கிரில் பட்டறை வைத்தது அப்படித்தான். ஊரார் போனார்கள், நான் அவர்கள் வீட்டுக்குக் கம்பி வைத்தேன்.

அப்படி முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். பதினெட்டு வருஷம் பாலைவனத்தில் இருந்தார். பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்கிற கம்பெனியில் டிரைவர். சாலையே இல்லாத மணலில் வாரக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு பிக்கப் வண்டியைத் தயார் செய்து, ஓட்டிக்கொண்டும் போக வேண்டும். தண்ணீர், டீசல், அடுப்பு, கூடாரம், கயிறு, மருந்து எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. திரும்பி வந்தபின் ஊரில் அவருக்கு ‘கேம்ப்காரர்’ என்று பெயர். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். அவர் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் இல்லை.

சுனாமி நிவாரண வேலைக்காக நாகப்பட்டினம் வந்திருந்த ஒரு தொண்டு நிறுவனம், வேலை முடிந்ததும் தன் வண்டிகளை ஏலம் விட்டது. அதில் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்து நேராக என் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

“பதினெட்டு வருஷம் அடுத்தவன் பாக்கறதுக்கு நான் வண்டி ஓட்டினேன் தம்பி. இனிமே நான் பாக்கறதுக்கு நான் ஓட்டணும்” என்றார்.

“எங்கண்ணே போவீங்க?”

“ரோடு முடியுற எடத்துக்கு. அங்கேருந்துதான் நமக்கு ஆரம்பம். ராஜஸ்தான், அப்புறம் லடாக். மூணு மாசம் வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே ஆக்கித் தின்னு. நீயும் வரே.”

எனக்குத் திருச்சிக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஆனாலும் அன்று மனசுக்குள் ஏதோ எழுந்து நின்றது.

அந்த வண்டி எங்கேயும் போகவில்லை. என் மகள் போக வேண்டிய இடத்துக்கு அவளும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கூரைக்கு மேல் ஒரு கேரியர் செய்தோம். பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டுவார். அளவு சொல்லும்போது அரை நூல் கூட விட்டுக்கொடுக்க மாட்டார். கேரியர் மேல் மடித்து விரிக்கிற கூடாரம், அதற்கு ஏற ஓர் ஏணி. பின்பக்கத் தொட்டியில் மேசை டிராயர் மாதிரி இழுத்தால் வருகிற அடுப்படி. அதற்குக் கீழே எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ள முன்பக்கம் இரும்புக் கயிறு சுற்றிய விஞ்சு. எஞ்சின் மூச்சு விடுகிற குழாயைக் கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏற்றினோம். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் குடிக்காது. தெருவில் அதற்கு ‘மூக்கு’ என்று பெயர் வைத்தார்கள். வேலை சரியாக வந்துவிட்டால் என் தோளில் இரண்டு தட்டு தட்டி, “உன் கை கேம்ப்புல இருந்திருக்கணும் தம்பி” என்பார். என் கையைப் பற்றி அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதையும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு சாமானுக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டுவார். ‘ஜாக்கிக்கு அடிப்பலகை – 1’. பக்கத்திலேயே இன்னொன்று: ‘மேற்படிக்கு மாற்றுப் பலகை – 1’. வண்டிக் கதவின் உட்பக்கம் ஒரு பட்டியல். முடிந்ததைக் கோடு போட்டு அடிப்பார். ஒன்றை அடித்த கையோடு கீழே இரண்டைச் சேர்ப்பார்.

“எப்பண்ணே கிளம்புறோம்?” என்று கேட்டால் பட்டியலைப் பார்ப்பார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி.”

அந்த ஒன்று வாரத்துக்கு வாரம் மாறும். ஒருமுறை கொசுவலை, ஒருமுறை கம்ப்ரசருக்கு மாற்று வாஷர், ஒருமுறை தேள்கடி மருந்து. ஆனால் எண்ணிக்கை மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் வாசலில் தார்ப்பாயை விரித்து, வண்டியில் இருப்பதை எல்லாம் இறக்கி வரிசையாகப் பரப்புவார். எண்ணுவார். துடைப்பார். திரும்ப அதே இடத்தில் அடுக்குவார். அடுக்கி முடிக்க மாலையாகிவிடும். மாதம் ஒருமுறை வண்டியில் இருக்கிற அரிசி பருப்பை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவார். எடுத்தது வீட்டுச் சமையலுக்கு.

“வண்டிக்குப் புது அரிசி, பொண்டாட்டிக்குப் பழைய அரிசி” என்பார் டீச்சர். அவருக்கு நாக்கு கூர்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய் ஓரத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். “நோவா பேழையைச் செஞ்சாரு. மழை வந்துச்சு, ஏறினாரு. இவரு மழை வந்தப்புறமும் ஆணி அடிச்சுக்கிட்டு நிப்பாரு, பாரு.”

அவர் தலை நிமிராமல், “நோவாவுக்கு ஆண்டவரே அளவு சொன்னாரு. எனக்கு யார் சொல்றா?” என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

சிரிப்பு வராத நாளும் இருந்தது. வீட்டில் கேஸ் தீர்ந்துபோன ஒருநாள், டீச்சர் வண்டியின் அடுப்படியை இழுத்து, அதில் சாம்பார் வைத்துவிட்டார். கேம்ப்காரர் வெளியே போயிருந்தார். திரும்பி வந்து அடுப்பில் பொங்கி வழிந்த கறையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுப்பைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து, “புதுசா ஒண்ணு வைக்கணும் தம்பி” என்றார். ஒருமுறைதான் எரிந்த அடுப்பு. நான் வேறு வைத்துக் கொடுத்தேன். பட்டியலில் ஒரு கோடு, கீழே இரண்டு வரி.

ஊரில் டிராக்டர் ஓட்டுகிற மாரிமுத்து சும்மா இருக்க மாட்டான். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் போடுவதற்காக ஓட்டை ஓட்டையாக நாங்கள் செய்த தகடுகளைத் தட்டிப் பார்த்து, “என்னண்ணே இது, இட்லித் தட்டா?” என்பான்.

“மணலுக்குடா. இதைப் போட்டா சக்கரம் மேல ஏறிரும்.”

“நம்மூருல மணலுக்கு எங்கண்ணே போறது? எல்லாம் களி. களியில இது வழுக்கிக்கிட்டுப் போயிடும். பேசாம என்னை மாதிரி சேத்துச் சக்கரம் மாட்டுங்க. லடாக்கையும் உழுதுட்டு வந்துடலாம்.”

அவர் கோபப்படவில்லை. மாரிமுத்து போனபின் பட்டியலில் ‘களிக்குத் தனித் தகடு’ என்று எழுதினார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்பது எனக்கு வராது. பஸ்ஸில் மீதிச் சில்லறையைக் கண்டக்டர் தர மறந்தால் கேட்காமலே இறங்கிவிடுவேன். கேட்டு, எதிராளி இல்லை என்று சொல்லிவிட்டால் மறுமுறை அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசும். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள்.

ஒரு மத்தியானம் பட்டறையில் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்.

“பக்கத்து கேம்ப்புக்குத்தான் போனோம். ரெண்டு மணி நேர வேலை. அதனால நான் எல்லாத்தையும் ஏத்தல. கூட ஒரு ராமநாதபுரத்துப் பையன். மணல்ல சக்கரம் இறங்கிடுச்சு. ஜாக்கி இருக்கு. ஜாக்கிக்கு அடியில வைக்கப் பலகை இல்ல. வைக்க வைக்க ஜாக்கி கீழதான் போவுது. வண்டி ஏறல. நான் வண்டியிலேயே இரு, தேடி வருவாங்கன்னேன். அவன் நடந்து போயி ஆளைக் கூட்டியாறேன்னு கிளம்பினான்.”

டீயைக் கீழே வைத்தார்.

“மூணாம் நாள் அவனைத் தேடி எடுத்தாங்க. ஒரு பலகை தம்பி. ஒரு சாண் பலகை.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து ‘மாற்றுப் பலகை’ என்ற பிளாஸ்திரியைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சிறு வேலை கொண்டுவந்தார். கட்டைவிரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் ஒரு குழாய். ஒரு முனை அடைத்து, மறுமுனைக்குத் திருகு மூடி. அதைப் பின்சக்கரத்துக்கு உட்பக்கம், சட்டத்தில் வெளியே தெரியாமல் வெல்டு வைக்க வேண்டும்.

“மாத்துச் சாவிக்கு” என்றார். “இது இங்க இருக்கறது உனக்கும் எனக்கும்தான் தெரியும். டீச்சருக்கும் தெரியாது.”

“சரிண்ணே.”

“உனக்கு ஒரு அவசரம்னா எடு. என்னைக் கேக்க வராதே.”

நான் சிரித்தேன். “கேக்காம எப்படிண்ணே எடுக்கிறது?”

“கேட்டா நான் இல்லேன்னுதான் சொல்வேன்” என்றார். சிரிக்கவில்லை. “என் புத்தி எனக்குத் தெரியும். கேக்காதே. எடு.”

பெரிய மனிதர்கள் ‘இது உங்க வீடு மாதிரி’ என்று சொல்வதில்லையா? அதுபோல ஒரு பேச்சு என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்து, மூடியைத் திருகிக் கொடுத்தேன். அவர் சாவியை உள்ளே வைக்கும்போது மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட மாதத்தில் ‘மூக்கை’ச் சோதித்துப் பார்த்தோம். கரையில் வண்டியைச் சூடாகும்வரை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, குளத்தில் மாடு இறக்குகிற சரிவில் விட்டார். பானட் மூழ்கியது. எஞ்சின் நிற்கவில்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிஷம் ஓடவிட்டார். கரையில் ஊரே நின்றது. மாரிமுத்து விசிலடித்தான். டீச்சர்கூடப் பள்ளிக்கூடத்துக் குடையோடு வந்து நின்று பார்த்தார். கேம்ப்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து அந்த வண்டி போன தூரத்திலேயே அதிகத் தூரம் அந்தக் குளம்தான்.

மறுநாள் பின் அச்சின் ஆயிலைத் திறந்து பார்த்தோம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. அச்சின் மேல் விரல் நுனியளவு ஒரு மூச்சுத் துவாரம் உண்டு. சூடான அச்சு தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி அதனால் உடனே நின்றுவிடாது. வீடு வந்தபின் ஆயிலை மாற்றினால் போதும். ஆனாலும் அந்தத் துவாரத்தில் ஒரு ரப்பர்க் குழாய் மாட்டி, அதையும் மேலே ஏற்றிவிட வேண்டும் என்றார். குழாயைப் பிடித்து நிற்க நாலு கிளாம்ப் வேண்டும். அதை நான் செய்ய வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு கேட் அவசரம். அதை முடித்துவிட்டு, இதை முடித்துவிட்டு என்று இரண்டு மாதம் தள்ளிவிட்டேன்.

பட்டியலில் அந்த வரி மட்டும் நின்றது.

என் மகள் சுகந்தி அந்த வருஷம் நர்சிங் முடித்திருந்தாள். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே அவள்தான். வளைகுடா ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் திருச்சியில் ஒரு ஓட்டலில் வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. ஒரே ஒருநாள். காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் நேரில் வர வேண்டும். அவள் அதைத் தமிழில் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். விஷயத்தைக் கேட்டு டீச்சர் தன்னுடைய நல்ல புடவை ஒன்றைக் கொடுத்தார். கேம்ப்காரர், “பாஸ்போர்ட் நகல் ரெண்டு வெச்சுக்கம்மா. ஒண்ணு நனைஞ்சாலும் ஒண்ணு இருக்கணும்” என்றார்.

ஐப்பசிக் கடைசி. கடலில் புயல், நாலு நாளாக விடாத மழை. விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தோம். அதற்கு முந்தின சாயங்காலம் ஆற்றுக்கரை உடைந்தது. காலையில் பார்த்தால் சம்பாப் பயிர் எதுவும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை. பெரிய சாலைக்குப் போகிற வழியில் உடைப்புக்கு நேரே ஒரு பர்லாங்கு தூரம் மார்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. ஊரில் இருந்த இரண்டு டிராக்டர்களும் தெற்குத் தெரு ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வரப் போயிருந்தன. சுகந்தியின் தோழி திருவாரூரிலிருந்து போன் செய்தாள். “மெயின் ரோட்டுல பஸ் ஓடுதுடி. எப்படியாவது அங்க வந்துடு.”

சுகந்தி டீச்சரின் புடவையைக் கட்டிக்கொண்டு, சான்றிதழ்களை மூன்று பாலிதீன் பைகளில் சுற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

நான் முழங்கால் தண்ணீரில் அவர் வீட்டுக்குப் போனேன். மேட்டில் கட்டிய வீடு. வண்டி வாசலில் நின்றது. மழையில் கழுவி, நேற்று வாங்கியது போல. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் செருப்பு இல்லை. அவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கையில், வண்டியிலிருந்து எடுத்து வந்த பட்டியல்.

போகிற வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். சொன்னேன்.

“அண்ணே, சுகந்திக்கு இன்னிக்குத் திருச்சியில இன்டர்வியூ. உடைப்பைத் தாண்டி மெயின் ரோட்டுல விட்டாப் போதும்.”

அவர் பட்டியலைப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே தம்பி.”

டீச்சர் சமையல்கட்டிலிருந்து வந்தார். “என்னங்க பேசுறீங்க? அந்தப் பொண்ணு வாழ்க்கைங்க அது. குளத்துல இறக்கினீங்கல்ல?”

“குளம் நிக்கிற தண்ணி. இது ஓடுற தண்ணி. நடுவுல நின்னுட்டா? உள்ள பொண்ணு இருக்கு. யார் பதில் சொல்றது?” பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார். “மூச்சுக் குழாய் மாட்டலியே. நாலு கிளாம்ப். செய்யாம நீதானே தம்பி வெச்சிருக்கே?”

ஆயில் வெளுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். “சரிண்ணே” என்றேன்.

“தம்பி, நில்லு” என்று டீச்சர் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. வண்டியின் பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். பின்சக்கரத்தைத் தாண்டும்போது என் கை தானாகச் சட்டத்துக்கு அடியில் போயிற்று. குழாய் விரலில் பட்டது. மூடியின் திருகு பட்டது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். கேட் ஏற்றிக்கொண்டு மினிலாரி ஓட்டுகிறவன்தான் நான். அந்த வண்டியைக்கூட வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறேன். கேட்காமலே போய் எடுத்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். இல்லை என்று ஒரு மனிதர் வாயால் சொன்னபிறகு, அவர் வாசலிலேயே, அவர் பொருளை எப்படி எடுப்பது?

கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அவர் மறுத்ததை மட்டும் சொன்னேன். என் மனைவி மண்ணை வாரித் தூற்றப் போனாள். மண் இல்லை, எல்லாம் தண்ணீர். பிற்பகல் மூன்று மணிக்கு மாரிமுத்து டிராக்டரோடு வந்து எங்களை அக்கரை சேர்த்தான். திருச்சி போய்ச் சேரும்போது இரவு. மறுநாள் காலை அந்த ஓட்டலுக்குப் போனோம். கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி புடவை முந்தானையைப் பிழிந்து பிழிந்து விட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஈரமே இல்லை.

தண்ணீர் வடிந்தபின் அவர் பட்டறைக்கு வந்தார். நான் நிமிராமல் கேட் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அன்னிக்கு நீ ஏன் தம்பி கேட்டே?”

கை நின்றுவிட்டது.

“கேக்காதேன்னுதானே சொன்னேன். சாவி அங்கதானே இருந்துச்சு. நீ எடுத்திருவேன்னு நான் சன்னல் பக்கமே வராம உள்ள உக்காந்திருந்தேன். நீ போனப்புறம்கூட வண்டிச் சத்தம் வருதான்னு காது கொடுத்துக் கேட்டேன்.”

என் ஆயுளில் அவரை எதிர்த்துப் பேசியது ஒரே ஒரு தடவை. “நீங்களே குடுத்திருக்கலாமேண்ணே.”

“என்னால முடியாது” என்றார். ஒரு சாமான் ஸ்டாக்கில் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். “முடியாதுன்னு தெரிஞ்சுதான் அந்தக் குழாயைப் போடச் சொன்னேன்.”

எழுந்து போகும்போது, “கிளாம்ப் ஆச்சா?” என்று கேட்டார்.

அப்போது என் கையில் இருந்த கம்பியைப் பற்றி இப்போதும் நினைப்பதுண்டு. மறுநாளே நாலு கிளாம்பையும் அடித்து அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் வேலை எதையும் நான் எடுக்கவில்லை. அவர் வேறு பட்டறைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய் விரிப்பது மட்டும் நிற்கவில்லை.

சுகந்திக்கு அடுத்தடுத்து எதுவும் அமையவில்லை. கூடப் படித்தவர்களில் ஏழு பேர் குவைத்திலும் ரியாத்திலும் இருக்கிறார்கள். அங்கிருந்து போட்டோ அனுப்புகிறார்கள். இவள் திருவாரூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்தேன். கேம்ப்காரர் கடைசி நாலு மாதம் படுக்கையில் கிடந்தபோது டீச்சர் வந்து கேட்டார் என்பதற்காக, தினமும் டூட்டிக்குப் போகும் முன் அவருக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். “அவரு செஞ்சதுக்கு நீ ஏன் போற?” என்று அவள் அம்மா சண்டை போட்டாள். “நோயாளிம்மா” என்பாள். அவர் அவளிடம் பேசியது ஒன்றே ஒன்றாம்.

“ஊசியெல்லாம் எண்ணி வெச்சிருக்கியாம்மா?”

“இருக்கு பெரியப்பா.”

“ஒண்ணு கூடுதலா வெச்சுக்க.”

அவர் இறந்து மாதம் திரும்பியதும் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “அந்த வண்டியை வெட்டிடு தம்பி.”

“வித்துடலாம் டீச்சர். நல்ல வண்டி.”

“வித்தா யாராவது ஓட்டுவாங்க” என்றார். “அது ஓடுறதை நான் பாக்க வேணாம்.”

காலையிலேயே கேஸ் கட்டரோடு போனேன். டயர் நாலும் தரையோடு படிந்திருந்தன. மீட்டரைப் பார்த்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த நாளில் சாக்பீஸால் அவர் டாஷ்போர்டில் எழுதிய எண் அழியாமல் இருந்தது. அதற்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. கதவின் உட்பக்கம் பட்டியல். எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருந்தது. கடைசி வரி மட்டும் நின்றது. அதில் ‘1.’ என்று எண் மட்டும் போட்டிருந்தார். எதிரே ஒன்றும் எழுதவில்லை.

சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு, முதலில் அந்தக் குழாயைத் தேடிப் போனேன். மூடி துருப்பிடித்திருந்தது. சூடு காட்டித் திருகினேன். சுகந்தி டீச்சருக்கு பிரஷர் பார்க்க வந்தவள் வெளியே வந்து, என்ன செய்கிறேன் என்று குனிந்தாள். மூடி வந்தது. மெழுகு பூசிய ஒரு பொட்டலம் அவள் காலடியில் விழுந்தது. அவள்தான் எடுத்துப் பிரித்தாள். சாவி. துரு ஏறாமல் பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்திரி. அவர் கையெழுத்து. அவள் படித்தாள்.

“அவசரத்துக்கு. தம்பி எடுத்துக்கொள்ளவும். கேட்க வேண்டாம்.”

இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள்.

“தம்பின்னா நீங்கதானேப்பா?”

“ஆமா.”

“எப்பலேருந்து இது இங்க இருக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். “அந்த மழைக்கு முன்னாடிலேருந்து” என்றேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“குழாயை வெச்சதே நான்தாம்மா.”

அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை போட்டிருந்தாள். ஆற்றங்கரைச் சாலையில் அவள் போக வேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பிளாஸ்திரியை மடிப்பு இல்லாமல் பழையபடி சாவியின் மேல் ஒட்டி, என் சட்டைப் பையில் போட்டாள்.

“வெட்டுங்கப்பா” என்றாள். “வெயில் ஏறுது.”

பஸ்ஸை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. பஸ் அவளுக்காக நின்றது.

கட்டரைப் பற்றவைக்க எனக்கு மூன்று தீக்குச்சி ஆயிற்று.